படையலில் ஐஸ் கோப்பி

இங்கே படைக்கிற சோறு மேலுலகத்தில் இருக்கிறவனுக்குப் போய்ச் சேரும் என்றால், மாடியில் இருக்கிறவனுக்கும் கீழேயே இலை போட்டுவிடலாமே என்று சார்வாகர்கள் கேட்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதரிசன சங்கிரகத்தில் இந்த வாதம் பதிவாகியிருக்கிறது. ஊருக்குப் போகிறவனுக்குக் கட்டுச்சோறு எதற்கு, வீட்டில் யாராவது அவன் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டால் அவன் வயிறு நிறையாதா என்றும் கேட்டிருக்கிறார்கள். கிள்ளானில் இரட்டை மாடி வீட்டில் குடியிருக்கிறவளுக்கு இது ஏட்டுத் தத்துவம் இல்லை. பேரன் மேலே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ விளையாட்டில் இருப்பான். கீழே தோசை ஆறும். பசியாற வா, பசியாற வா என்று கத்தியே என் தொண்டை போயிற்று. கீழே வைத்த தோசை தானாக மேலே போகாது என்பதற்கு என்னைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

ஆனாலும் ஆண்டுதோறும் மாசியில் என் கணவரின் திதியன்று இலை போட்டுப் படைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் திருமுறை சொல்லிக்கொடுக்கிறவள் நான். பெரியவர்கள் சிலருக்குக் கொஞ்சம் சைவ சித்தாந்தமும் உண்டு. அந்த வகுப்பில் சார்வாகனின் கேள்வியை நானேதான் எடுத்துப் போடுவேன். அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பிற மதங்களை மறுக்கப் புகும்போது முதல் ஆளாகச் சார்வாகனாகிய உலகாயதனைத்தான் நிறுத்துகிறார். அவனுக்குப் பதில் சொல்லாமல் மேலே நகர்வது நேர்மை இல்லை என்று நினைத்திருப்பார் போலும்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஒரு கிளாஸ் ஐஸ் கோப்பியால் கிளம்பியது.

திதி என்றால் எங்களுக்கு இரண்டு வேலை. காலையில் கோயிலில் குருக்கள் எள்ளும் தண்ணீரும் விட்டு நடத்துவது ஒன்று. அதில் மந்திரம் உண்டு, கோப்பி கிடையாது. சிராத்தச் சமையலில் மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியுமே ஆகாது என்று விலக்கி வைத்தவர்கள் கோப்பியை எங்கே சேர்க்கப் போகிறார்கள்? சாயங்காலம் வீட்டில் படத்துக்கு முன்னால் படைப்பது இன்னொன்று. அதில் போனவர் ஆசைப்பட்டதெல்லாம் வரும்: ஆட்டிறைச்சிப் பெரட்டல், ஒரு போத்தல் ஸ்டவுட், சிகரெட் பெட்டி, கோப்பி. நான் சைவம், அவர் அப்படியில்லை. பெரட்டலைக் கொழுந்தனார் வீட்டில் சமைத்துக் கொண்டுவருவார்கள். நான் தொடமாட்டேன், ஆனால் இலையில் அதற்கு இடம் விட்டுத்தான் மற்றதைப் பரிமாறுவேன்.

அவர் துறைமுகத்தில் கிராணியாக இருந்தவர். வேலைக்குப் போகும் வழியில் ஒரு சீனக் கோப்பிக்கடை. சீனியும் மார்ஜரினும் போட்டுக் கருகக் கருக வறுத்த தூளைத் துணிப்பையில் இட்டு, உயரத் தூக்கி ஊற்றித் தருகிற கோப்பி ஓ. அதுதான் அவருக்குக் கோப்பி. நான் வீட்டில் ஃபில்டரில் இறக்கிய காப்பியை மரியாதைக்குக் குடிப்பார். அதனால் படையலிலும் கோப்பி ஓதான் வைப்பேன்.

மகன் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அங்கே வேலைக்கு வந்திருந்த வியட்நாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். மாமனார் போன பிறகு வந்த மருமகள். அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். என்னை அத்தை என்று கூப்பிடுவாள், தமிழ் வராத இடத்தில் மலாயைப் போட்டு நிரப்பிக்கொள்வாள். அவள் வந்த பிறகு நடந்த ஒரு திதியில், கோப்பி ஓ கோப்பைக்குப் பக்கத்தில் உயரமான கண்ணாடிக் கிளாஸ் ஒன்று இருந்தது. உள்ளே ஐஸ் மிதக்கும் பழுப்புக் கோப்பி. நான் சூடத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வைத்தது.

கொழுந்தனார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணன் இதை ஒரு நாளும் குடிச்சதில்லையே அண்ணி" என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே குழம்பிப் போய்த்தான் சொன்னார்.

அந்தக் கிளாஸ் எப்படித் தயாராகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காலையில் அடுக்களையில் அவள் பக்கத்தில் நின்று நான் விரும்பிப் பார்க்கிற காரியம் அது. ஃபின் என்று அவர்கள் சொல்லும் சிறிய அலுமினிய வடிகட்டி நான்கு உருப்படி: கிளாஸின் வாயில் உட்காரும் தட்டு, அதன் மேல் துளை போட்ட கிண்ணம், தூளை அமுக்கிப் பிடிக்கும் வட்டத்தகடு, மூடி. கிளாஸின் அடியில் முதலில் இரண்டு கரண்டி டின் பால். கிண்ணத்தில் 20 கிராமுக்குக் கொஞ்சம் மேலே தூள். தட்டிச் சமமாக்கி, தகட்டை வைத்து, கொதி அடங்கிய வெந்நீரைத் தூள் நனையும் அளவுக்கு மட்டும் விட்டு, அரை நிமிடம் நிறுத்துவாள். தூள் உப்பி மேலெழும். பிறகுதான் கிண்ணம் நிறைய ஊற்றி மூடுவது. சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய ஐந்து நிமிடம் ஆகும். இரண்டே நிமிடத்தில் இறங்கிவிட்டால் தூள் பெருவெட்டு என்று அர்த்தம், அன்றைக்கு அவள் முகம் சுருங்கிவிடும். இறங்கிய டிக்காஷன் பாலோடு கலக்காமல் அதன் மேல் கறுப்பாகப் படுத்துக் கிடக்கும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கிய பிறகே ஐஸ். ஐஸை முன்னால் போட்டால் டின் பால் இறுகிக்கொண்டு அடியைவிட்டு வராது.

பிரெஞ்சுப் பாதிரிமார்கள் 1857 வாக்கில் வியட்நாமுக்குக் கொண்டுபோன செடி. அந்த வெயிலில் பசும்பால் கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் நிற்காது. அதனால் டின் பால். 1986இல் பொருளாதாரக் கதவைத் திறந்த பிறகு மத்திய மலைநாட்டில் தோட்டம் தோட்டமாகப் போட்டு, இன்று பிரேசிலுக்கு அடுத்தபடி உலகத்துக்கே கோப்பிக் கொட்டை கொடுக்கிற நாடு. விளைவது பெரும்பாலும் ரொபஸ்டா. அராபிக்காவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கஃபீன், கசப்பும் அதிகம். அந்தக் கசப்புக்கு அந்த இனிப்பு வேண்டியிருக்கிறது. இங்கே டின் பால் வாங்குவதில் ஒரு தொல்லை. கடையில் அடுக்கியிருப்பதில் பல டின்களில் பாலோடு செம்பனை எண்ணெயும் சேர்ந்திருக்கும், பெயரும் 'கிரீமர்' என்று இருக்கும். படையலுக்கு என்று தெரிந்ததும் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். செத்தவருக்கு எண்ணெய் கலந்த பால் ஆகாது என்று எந்த ஆகமத்திலும் இல்லை. இருந்தாலும் படித்தேன்.

கொழுந்தனாருக்கு வருகிறேன். அவர் சொன்னதற்குள் ஒரு கொள்கை இருக்கிறது: இறந்தவர் வந்து உண்கிறார், ஆகவே அவர் உண்டதையே வைக்க வேண்டும். சித்தாந்தம் இதற்குப் பாதிதான் ஒத்துவரும். உடல் விழுந்த பிறகும் உயிர் வெறுமனே போவதில்லை. புரியட்டகம் என்கிற சூக்கும உடலோடு போகிறது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்ற ஐந்து தன்மாத்திரைகளும் மனம், புத்தி, அகங்காரமும் சேர்ந்த எட்டு. பட்டியலில் சுவை இருக்கிறது பாருங்கள். நாக்கு புதைகுழிக்கோ நெருப்புக்கோ போய்விடுகிறது, சுவை கூடவே போகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். அவருடைய கோப்பி ஆசை எங்கேயோ இன்னும் அழியாமல் இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் மறுபாதி கொழுந்தனாருக்குச் சாதகமாக இல்லை. வினை செய்தவன்தான் அதன் பயனை நுகர வேண்டும். நான் கலந்த கோப்பி இன்னோர் உயிரின் போகமாக எப்படி ஆகும்? அந்த உயிர் இந்நேரம் வேறு உடலில் ஏறியிருந்தால் அது யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ. இதற்குப் புராண வழியில் ஒரு விடை உண்டு: நாம் கொடுப்பது, போனவர் எந்தப் பிறவியில் இருக்கிறாரோ அந்தப் பிறவிக்கு ஏற்ற உணவாக மாறிச் சேரும். தேவரானால் அமுதம், மாடானால் புல். வினைக்கு அறிவில்லை, அதைச் செய்தவனிடம் கொண்டு சேர்ப்பவன் இறைவன் என்று சித்தாந்தமும் சொல்வதால், கொண்டு சேர்க்கிற ஆள் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. எதை வைத்தாலும் புல்லாகத்தான் போகும் என்றால், கோப்பி ஓவுக்கும் ஐஸ் கோப்பிக்கும் பெரட்டலுக்கும் என்ன வித்தியாசம்? நான் எதற்கு அவருக்குப் பிடித்த கடுங்கருப்புப் பதம் வரும்வரை நின்று கலக்கினேன்?

பௌத்தத்தில் இதே கேள்வி இன்னும் நேராக வருகிறது. விசாக நாளில் மருமகளை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. சிங்களவர்கள் 1894இல் தொடங்கிய மகா விகாரை அங்கே இருக்கிறது. கந்தசுவாமி கோயிலும் அதே பிரிக்ஃபீல்ட்ஸில்தான், ஈழத்துச் சைவர்கள் எழுப்பியது. காலையில் ஒன்று, பிறகு மற்றொன்று, நடுவில் சாப்பாடு. 1952இல் விகாரைக்கு வந்து 2006இல் மறையும்வரை அதன் தலைமைப் பிக்குவாக இருந்த ஸ்ரீ தம்மானந்தரின் சிறுநூல்களை ஒரு காலத்தில் நானும் வாங்கிப் படித்திருக்கிறேன். அந்த வழியாகத்தான் அங்குத்தர நிகாயத்துக்குப் போனேன். ஜானுஸ்ஸோணி என்ற பிராமணன் புத்தரிடம் வந்து கேட்கிறான்: இறந்த உறவினருக்கு நாங்கள் கொடுப்பது அவர்களைச் சேருகிறதா? புத்தர் மழுப்பவில்லை. நரகத்தில் இருந்தால் சேராது. விலங்காகவோ மனிதராகவோ தேவராகவோ பிறந்திருந்தால் அவரவர்க்கு அங்கங்கே உணவு இருக்கிறது, இது சேராது. பசித்த ஆவியாகப் பிறந்திருந்தால் மட்டும் சேரும். நீ நினைக்கிற ஆள் அங்கே இல்லாவிட்டாலும் உன் முன்னோர் வேறு யாராவது அங்கே இருப்பார்கள். யாருமே இல்லாவிட்டாலும் கொடுத்தவனுக்குப் பயன் இல்லாமல் போகாது.

இவ்வளவு கறாரான பதிலை நான் எங்கள் பக்கத்தில் படித்ததில்லை. ஆனால் அதன் கடைசிப் பகுதி எனக்கு ஒட்டவில்லை. கொடுத்தவளுக்குப் பயன் என்றால், என் கணவர் எனக்குப் புண்ணியம் சேர்க்க ஒரு சாக்கு என்றாகிவிடுகிறது. முப்பத்தைந்து வயதில் புண்ணியக் கணக்கு பார்த்தா அவருக்குக் கோப்பி கலந்தேன்? அறுபதில் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

மருமகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவள் பிறந்த ஊர் மேக்கோங் பக்கம். வீட்டில் புத்தரும் உண்டு, அவரைவிட அன்றாடப் புழக்கத்தில் முன்னோர் மாடமும் உண்டு. இறந்த நாளில் சமைத்ததோடு கோப்பியும் சிகரெட்டும் வைப்பார்கள். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை காத்திருப்பார்கள். அதற்குள் அவர்கள் சாப்பிட்டுவிட்டதாகக் கணக்கு, பிறகு எடுத்து எல்லாரும் சாப்பிடலாம். தமிழரைத் தெரியும் முன்பே அவளுக்கு மாரியம்மனைத் தெரியும். சைகோனில் துருவோங் டின் தெருவில் நம்மவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே வட்டித் தொழில் செய்த செட்டியார்களும் பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழரும் 1975க்குப் பிறகு பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். அம்மனை வியட்நாமியர்கள் விடவில்லை. கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலைச் சொல்கிறார்கள். மலேசியாவுக்கு விமானம் ஏறுமுன் இவளும் தன் சின்னம்மாவோடு போய் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்தாளாம். என்ன சொன்னாய் என்று கேட்டேன். சம்பளம் என்றாள்.

அந்தத் திதி ராத்திரி, பாத்திரம் கழுவும்போது, ஏன் ஐஸ் கோப்பி வைத்தாய் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. அவள் மலாயில் சொன்னாள்: எல்லாரும் அவருக்குத் தெரிந்ததை வைத்தீர்கள், எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது, நான் போடத் தெரிந்ததை வைத்தேன்.

வகுப்பில் நான் நடத்திய எந்தப் பாடமும் இந்த இடத்துக்கு வந்ததில்லை. வள்ளுவர் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரை வரிசைப்படுத்தும்போது இறந்தோரை முதலில் வைக்கிறார், தெய்வத்தை அதற்கு அடுத்து, விருந்தினரை மூன்றாவதாக. இறந்தோரும் விருந்தினரும் ஒரே பட்டியலில் இருப்பதை நான் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதன் பொருளை யோசித்ததில்லை. விருந்துக்கு வந்தவரிடம் உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று விசாரித்து அதையே நகல் எடுத்துப் போடுகிறோமா? நம் வீட்டில் எது நன்றாக வருமோ அதைத்தான் போடுகிறோம். அதை வைத்து அவர் நம்மைத் தெரிந்துகொள்கிறார். மருமகள் என் கணவரை விருந்தாளியாக நடத்தினாள். நாங்கள் அவரை ஒரு பழக்கமாக நடத்திக்கொண்டிருந்தோம்.

அதிலும் நாங்கள் அவர் குடித்ததையே வைத்தோம் என்பதுகூட முழு உண்மை இல்லை. சர்க்கரை நோய் வந்து கடைசி ஆண்டுகளில் அவர் குடித்தது கோப்பி ஓ கொசோங், சீனி ஒரு துளி கிடையாது. கடைக்காரரும் கொசோங் என்று கேட்காமலே கொடுப்பார். ஒவ்வொரு நாளும் ஒரு மடக்கு விழுங்கிவிட்டு முகத்தைக் கோணுவார். முதல் திதியில் என் கை தானாக மூன்று கரண்டி சீனி போட்டது. கொழுந்தனார் பக்கத்தில்தான் நின்றார். "இனிமே சீனி அவரை என்ன செய்யும்" என்று அவரே சொன்னார். ஆக, அவர் கடைசியாகக் குடித்ததை நாங்கள் வைக்கவில்லை, குடிக்க முடியாமல் போனதை வைத்தோம். இறந்தவருக்கு விருப்பம் அப்படியே உறைந்து நிற்கும் என்று நம்பியிருந்தால் கொசோங்கை அல்லவா வைத்திருக்க வேண்டும்? இதை எடுத்துச் சொன்னபோது கொழுந்தனார் சிரித்தார். சிரித்தாலும் ஒப்புக்கொள்ளவில்லை. சீனி வேறு, ஐஸ் வேறு என்றார்.

சார்வாகனுக்கு இது பதிலாகுமா என்று வகுப்பில் ஒரு பெரியவர் கேட்டார். சேருமா சேராதா என்பதுதான் அவன் கேள்வி. அதில் அவன் பக்கம் நியாயம் குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. இறைவன் சேர்ப்பான் என்று நான் நம்புகிறேன், அந்த நம்பிக்கையை அவன் ஏற்கமாட்டான். ஆனால் படையலைத் தபால்போல நினைத்துக்கொண்டால்தான் அந்தக் கேள்விக்கு அவ்வளவு கூர்மை. மாடியில் இருக்கிறவனுக்குக் கீழே இலை போடுகிறவள் சோற்றை அனுப்புவதாக மட்டும் நினைக்கவில்லை. வீட்டில் இன்னோர் ஆள் உண்டு என்று எண்ணிப் பரிமாறுகிறாள். அப்படி எண்ணுகிறவள் கை வேறு விதமாக வேலை செய்கிறது. தனக்கென்றால் மருமகள் சில நாள் ஃபின்னை அவசரப்படுத்தித் தகட்டைக் கரண்டியால் தூக்கிவிடுவாள். அன்றைக்கு ஐந்து நிமிடமும் கை வைக்காமல் நின்றாள். போகம் என்பது உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கொடுப்பது என்று தனு கரண புவன போகம் என்ற சித்தாந்தப் பாடம் நடத்தும்போது சொல்வோம். யார் நுகர்ந்தாலும் முதலில் இன்னொருவருக்கு என்று வைத்துவிட்டு நுகர்ந்தால் அந்தப் போகத்தில் நான் என்பது கொஞ்சம் தள்ளி நிற்கிறது. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். பெரியவர் திருப்திப்படவில்லை. அவர் அடுத்த வாரமும் வந்தார், அது போதும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் இருந்தது. தேவாரம் பாடி, சூடம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டு எழுந்திருப்பதற்குள் ஐஸ் உருகி, கிளாஸின் மேல்பாதி வெறும் தண்ணீராக நின்றது. ஐஸைக் கடைசியில் போடலாம் என்றால், தீபம் காட்டிய பிறகு படையலில் கை வைக்கக் கூடாது என்று கொழுந்தனார் பிடிவாதம். டிக்காஷனை இன்னும் கெட்டியாக இறக்கி, ஐஸைப் பெரிய கட்டியாகப் போடுவது என்று மருமகள் வழி கண்டுபிடித்தாள். இப்போது உருகின பிறகும் குடிக்கிற மாதிரி இருக்கிறது. கோப்பி ஓ ஆறிப் போய்ச் செடிக்குப் போகும், ஐஸ் கோப்பிதான் முதலில் தீரும். ஸ்டவுட் யாருக்குப் போகிறது என்பதை எழுதினால் கொழுந்தனார் வருத்தப்படுவார்.

போன தீபாவளிக்கு முதல் நாள், முன்னோர் படையலுக்கு இலை அறுத்துக்கொண்டிருந்தபோது, அவள் தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்தாள். இதையும் வைக்கலாமா அத்தை என்றாள். சம்பந்தி வீட்டு ஆளுக்கு நம் வீட்டில் படையலா என்று கொழுந்தனார் தொடங்கினார். தருப்பணத்தில் காருண்ய பித்ருக்கள் என்று ஓர் இடம் வைத்து உறவு, நட்பு, நாதியற்றவர் வரைக்கும் எள்ளும் தண்ணீரும் விடுகிறோமே, அங்கே இவருக்கு இடம் இல்லையா என்று கேட்டேன். அது கோயில்ல அண்ணி என்றார், ஆனால் குரல் இறங்கிவிட்டது.

அவருக்கு ஐஸ் கோப்பிதானே வைக்க வேண்டும் என்று மருமகளைக் கேட்டேன். அது அவர் நாள் தவறாமல் குடித்தது, நீங்கள் ஏதாவது கலக்குங்கள் என்றாள். ஃபில்டரைக் கழுவி வைத்தேன். கொழுந்தனார் ஒரு கையில் சுத்தியலும் வாயில் ஆணியுமாகச் சுவரைப் பார்த்தபடி நின்றார், அண்ணன் படத்துக்குப் பக்கத்திலேயா, ஒரு முழம் தள்ளியா என்று.